போண்டாவுக்குப் பீங்கான் தட்டு கண்டுபிடித்தவர்

எண்ணெயை எதிர்த்து உலகத்தில் ஒரே ஒரு ஆள் யுத்தம் நடத்தினார் என்றால் அது எங்கள் பிஸ்கட் அண்ணன்தான். மற்ற டாக்டர்கள், விஞ்ஞானிகள் எல்லாரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவர்கள். விருத்தாசலத்தில் ஒரு வடை எண்ணெய்ச் சட்டியை விட்டு வெளியே வந்து நிம்மதியாக ஒருவர் வாய்க்குள் போய்ச் சேர்ந்தது என்றால், அன்றைக்கு அண்ணன் ஊரில் இல்லை என்று அர்த்தம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பெயரைக் கேட்க மாட்டார், "சமையலுக்கு என்னா எண்ணெய்?" என்று கேட்பார். காரிய வீட்டிலும் அதே கேள்விதான், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் கப்பும் சாஸரும் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கே சூளை மேஸ்திரி. வார்த்துக் காயவைத்த கப்பை, பளபளப்புப் பூச்சு எதுவும் பூசாமல் முதல் தடவை சுட்டு எடுப்பதற்கு எங்கள் தொழிலில் பிஸ்கட் என்று பெயர். அந்தச் சூளை அவர் பொறுப்பு, அதனால் அவர் பிஸ்கட் ஆனார். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். ஆனால் அவர் சம்சாரம் கமலா அண்ணியே கம்பெனிக்குப் போன் பண்ணி, "பிஸ்கட்டு இருக்காருங்களா?" என்று கேட்டிருக்கிறார், போனை எடுத்தவன் நான்தான்.

ஆள் ஒல்லி. சூளைச் சூட்டில் வற்றிப்போன உடம்பு. வாயில் ஒரு பீடி புகைந்துகொண்டிருக்கும், காது இடுக்கில் அடுத்த பீடி காத்துக்கொண்டிருக்கும். பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்த முடியாது, முதலாளியே வந்தாலும் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்.

ஆரம்பத்தில் அவரும் நம்மைப் போல மனுஷனாகத்தான் இருந்தார். தொழிற்பேட்டை வாசலில் கேன்டீன் நடத்திய போண்டா மாஸ்டர் அவருக்குச் சின்ன வயது சிநேகிதர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மாஸ்டர் அண்ணனைப் போல மூன்று பங்கு பருமன். காலை பதினொரு மணிக்கு அவர் சட்டியில் போண்டா போடும் வாசனை வந்ததும், எல்லாக் கம்பெனியிலும் வேலை நின்றுவிடும். முதல் ஈடு போண்டாவில் முதல் போண்டா யாருக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள், அது பிஸ்கட் அண்ணனுக்குத்தான். சுடச் சுட ஊதி ஊதித் தின்பார். "டேய், இதுக்கு ஒரு சிலை வெக்கணும்டா" என்று மாஸ்டரைப் பாராட்டுவார்.

அப்புறம் வந்தது அந்த இலவச மருத்துவ முகாம். தொழிலாளர்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அண்ணனின் சோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, கொழுப்பு ரொம்பக் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சுவலி உண்டா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அண்ணன் என்ன பதில் சொன்னாரோ, அன்று சாயங்காலம் நேராக என் மேஜைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அதுதான் முதல் தடவை.

"தம்பி, எங்கப்பா போனப்ப அவருக்கு நாப்பத்தெட்டு வயசு. திட்டக்குடி பக்கம் எங்க ஊரு. களத்துல நெல்லு தூத்திக்கினு இருந்தவரு, கொஞ்சம் தண்ணி குடுன்னு ஒக்காந்தாரு. அவ்ளோதான். எங்கண்ணன் அந்த வயசைக்கூட எட்டல."

"உங்களுக்கு இப்ப என்ன வயசுண்ணே?"

"நாப்பத்தஞ்சு. பொண்ணு எட்டாவது படிக்குது. எங்கப்பா வயசைத் தாண்டிட்டேன்னா போதும் தம்பி. ஒரு நாள் தாண்டுனாகூடப் போதும். அதுக்கு மேல வர்றதெல்லாம் போனஸுன்னு வெச்சிக்குவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பீடியைப் பற்றவைக்க அவருக்கு இரண்டு மூன்று குச்சி தேவைப்பட்டது.

மறுநாளிலிருந்து யுத்தம் தொடங்கிவிட்டது. முதல் காரியமாகக் கடைவீதி மளிகைக் கடைக்குப் போய், 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த எண்ணெய் பாக்கெட் வாங்கி வந்தார். கொலஸ்ட்ரால்தான் இல்லையே, அப்புறம் என்ன பயம்? அந்த மாதம் முழுக்க அவர் வீட்டில் காலையில் பூரி, சாயங்காலம் பஜ்ஜி. தெருவே அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. மாதக் கடைசியில் ஏதோ ஒரு பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில், செடி கொடியிலிருந்து எடுக்கிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்பது எப்போதுமே கிடையாது, ஆனால் எண்ணெய் என்றால் அது மொத்தமும் கொழுப்புதான் என்று படித்துவிட்டார். பத்திரிகையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

"என்னாய்யா ஏமாத்துறீங்க? கடலைக்கு எந்தக் காலத்துலய்யா கொலஸ்ட்ரால் இருந்துச்சு? அது ஆடு மாடுக்கு இருக்கறது, முட்டைக்கு இருக்கறது."

கடைக்காரர் நிதானமானவர். "இல்லன்னுதானே பிஸ்கட்டு போட்டிருக்கான்? உள்ளதைத்தானே சொல்றான்?"

"அப்ப உப்பு பாக்கெட்டுலயும் போடு. தொடப்பத்துலயும் எழுதித் தொங்கவுடு, கொலஸ்ட்ரால் இல்லாத தொடப்பம்னு."

கடைக்காரர் குசும்பு பிடித்தவர் என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் கடை வாசலில் துடைப்பக் கட்டுமேல் ஒரு அட்டை தொங்கியது, அதில் அதே வாசகம். துடைப்பம் நன்றாக விற்றதாகவும் கேள்வி.

வெளியில் இப்படி என்றால் வீட்டில் கேட்கவே வேண்டாம். அந்த வீட்டில் மாதம் ஒரு எண்ணெய் ஆட்சிக்கு வரும், அடுத்த மாதம் கவிழும். சூரியகாந்தி வந்தது, போயிற்று. தவிட்டு எண்ணெய் வந்தது. நல்லெண்ணெயில் தாளித்தார்கள், கடலை எண்ணெயில் வதக்கினார்கள், ஒரு மாதம் மூன்றையும் கலந்து ஒரு கூட்டணி அமைத்தார் அண்ணன். தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் நிரந்தரத் தடை. தலைக்குத் தேய்ப்பதற்கும் தடை. மண்டை வழியாக இறங்கி நெஞ்சுக்குப் போய்விடுமாம். மகள் காய்ந்த தலையோடு பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம் திட்டு வாங்கி வந்த அன்று, கமலா அண்ணி ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயை அவர் கண் முன்னாலேயே பெண்ணின் தலையில் கவிழ்த்தார். "நெஞ்சுக்கு எறங்குனா நான் பாத்துக்கறேன், நீங்க போயி சூளைய பாருங்க" என்றார். அந்தத் தடை அன்றோடு வாபஸ்.

பெரிய கூத்து ஆலிவ் எண்ணெயில்தான் நடந்தது. எங்கள் கம்பெனிக்கு வைக்கோல் கொண்டுவரும் ஜாபர் பாய் மங்கலம்பேட்டைக்காரர். கப்பு சாஸர் உடையாமல் போக அந்த வைக்கோலைத்தான் பெட்டிக்குள் திணிப்போம். பாயின் தம்பி வளைகுடாவில் இருந்தார். வெள்ளைக்காரன் இதயம் நன்றாக இருப்பதற்கு ஆலிவ் எண்ணெய்தான் காரணம் என்று அண்ணன் எங்கேயோ கேட்டுவிட்டு, பாயை விடாமல் நச்சரித்தார். தம்பி ஊருக்கு வந்தபோது ஒரு பெரிய டின் வந்து சேர்ந்தது. அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியிடம் கொடுத்து, பத்திரமாக வை என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார்.

எதற்கு என்று சொல்ல மறந்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மருந்துக் கடையில் ஆலிவ் எண்ணெய் ஒரு குட்டிப் பாட்டிலில் விற்கும், பச்சைக் குழந்தைக்கு உடம்பில் தேய்த்துக் குளிப்பாட்ட. அண்ணிக்குத் தெரிந்த ஆலிவ் எண்ணெய் அதுதான். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று வந்திருந்தார்கள். அண்ணி தாராள மனசுக்காரர்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டுக் குழந்தை தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது. டின் பாதிதான் இருந்தது.

"அடிப்பாவி, அது ஒலகத்துலயே ஒசந்த எண்ணெய்டி. வளைகுடாவுலேர்ந்து வந்தது."

"அதுக்கென்னா இப்ப? கொழந்தைக்கு நெஞ்சு நல்லா இருக்கும்ல."

மிச்சப் பாதியை அண்ணன் வத்தக்குழம்பில் ஊற்றச் சொன்னார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அதன் வாசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இவ்வளவு கறாரான மனுஷனுக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு ஒரு தடவை எல்லாருமாகப் போனோம். பிரசாதமாக வெண்பொங்கல் கொடுத்தார்கள், தொன்னையைச் சாய்த்தால் நெய் முழங்கை வரைக்கும் வழிகிறது. நாங்கள் எல்லாரும் சாப்பிடாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார், விரலையும் விடவில்லை. "பெருமாளு குடுக்கறது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தொன்னை வாங்க வரிசையில் போய் நின்றுகொண்டார்.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவர் மூளையின் உச்சம் அந்தத் தட்டுதான். பிஸ்கட் சுட்ட பீங்கானைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், பூச்சு இல்லாததால் அது தண்ணீரைச் சுர்ரென்று உறிஞ்சிவிடும். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷமாக அதைச் சுட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் பொறி தட்டியது. தண்ணீரை உறிஞ்சுவது எண்ணெயை உறிஞ்சாதா? உள்ளங்கை அளவில் சப்பையாக இரண்டு தட்டு சுட்டு எடுத்தார். மாஸ்டரிடம் ஒரு போண்டா வாங்கினார். கீழே ஒரு தட்டு, நடுவில் போண்டா, மேலே ஒரு தட்டு, அழுத்தி ஓர் அமுக்கு. எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்க எண்ணெய், போண்டா சப்பாத்தி ஆகியிருந்தது.

கேன்டீனே எழுந்து நின்றது. நானும் நின்றேன். அப்படி ஒரு கண்டுபிடிப்பை நேரில் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மண் கலக்குகிறவர்கள், அச்சு வார்க்கிறவர்கள், லாரி டிரைவர்கள் என்று எல்லாருக்கும் எனக்கு உனக்கு என்று தட்டு வேண்டியிருந்தது. அண்ணன் சூளையில் மூலை கிடைத்த இடமெல்லாம் போண்டாத் தட்டு அடுக்கினார். பதினொரு மணிக்கு ஆளாளுக்குப் பையிலிருந்து இரண்டு தட்டை எடுத்து டொக்கு டொக்கென்று வைப்பார்கள்.

யாரும் எதிர்பார்க்காதது என்னவென்றால், மாஸ்டரின் வியாபாரம் இரட்டிப்பானது. எண்ணெய்தான் தட்டோடு போய்விடுகிறதே என்று, இரண்டு போண்டா சாப்பிட்டவன் நான்கு சாப்பிட ஆரம்பித்தான். சர்க்கரை வியாதிக்காரர், ரத்தக் கொதிப்புக்காரர் என்று கேன்டீன் பக்கமே தலைவைக்காதவர்கள்கூடத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். மாஸ்டர் நெகிழ்ந்துபோனார்.

"டேய் பிஸ்கட்டு, நீ நல்லா இருக்கணும்டா. ஒன் போட்டோவ கல்லாவுல மாட்டலாம்னு இருக்கேன்."

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியும் அவர் தளரவில்லை, தட்டுகள்தான் தளர்ந்தன. ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணெய் ஊறி ஊறி அவை எதையும் உறிஞ்சவில்லை. வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர் சூளைக்காரர் அல்லவா, திரும்பச் சுட்டால் எண்ணெய் எரிந்து தட்டு புதுசாகிவிடும் என்று கணக்குப் போட்டார். தொழிற்பேட்டைத் தட்டு எல்லாவற்றையும் திரட்டி, கப்புகளோடு கப்பாகச் சூளையில் அடுக்கித் தீ மூட்டினார்.

சூடு ஏற ஏறப் புகைபோக்கியிலிருந்து வந்தது பாருங்கள் ஒரு வாசனை. மாதக்கணக்கில் சேர்ந்த போண்டா, பஜ்ஜி, வடை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆகாயத்தில் கிளம்பியது. பக்கத்துக் கம்பெனி ஆட்கள் டீ நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்கள். தெருநாய்கள் எல்லாம் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தன. முதலாளி காரை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"யோவ் பிஸ்கட்டு, சூளைக்குள்ள என்னாய்யா சுடுற?"

"கப்புதாங்க மொதலாளி."

"எந்தக் கப்புய்யா வடை வாசனை அடிக்குது?"

அன்றோடு போண்டாத் தட்டு ஒழிந்தது. அண்ணன் வேலை தப்பியதே பெரிய விஷயம். இருந்தாலும் ஒரு வாரம் வரைக்கும் எங்கள் கப்பில் டீ குடித்தால் கடித்துக்கொள்ள ஒன்றும் வேண்டியிருக்காது என்று தொழிற்பேட்டையில் கிண்டல் ஓடியது.

தட்டு போனபிறகு அண்ணனின் முழுக் கோபமும் மாஸ்டரின் சட்டிமேல் திரும்பியது. மாஸ்டர் சட்டி எண்ணெயைக் கொட்ட மாட்டார். குறைந்தால் மேலே புதிது ஊற்றுவார், அவ்வளவுதான். அது தார் நிறத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் ரத்தக் குழாய்க்கு ஆகாது என்று அண்ணன் படித்திருந்தார். இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் சரியில்லை. தினமும் பதினொரு மணிக்குக் கேன்டீன் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களை மடக்கிப் பிரசங்கம் பண்ணுவார்.

"அந்தச் சட்டியில நேத்து எண்ணெய், முந்தாநேத்து எண்ணெய், போன பொங்கலு எண்ணெய் எல்லாம் ஒரே குடும்பமா கெடக்குது. தின்னுங்க. ஆனா இதை மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க. நடு நெஞ்சுல அம்மிக்கல்லத் தூக்கி வெச்சாப்ல அமுக்கும். எடது கை இழுக்கும். தாடை வலிக்கும். குப்புனு வேர்க்கும். வாய்வுன்னு சொல்லிக்கினு சோடா குடிச்சிட்டு ஒக்காந்துடாதீங்க. ஒடனே ஆஸ்பத்திரி."

எல்லா நாளும் இதே வாசகம், ஒரு சொல் மாறாது. வாடிக்கையாளர்கள் போண்டாவை மென்றுகொண்டே கேட்பார்கள். மாஸ்டருக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதன் கடை வாசலில் நின்று இப்படிப் பேசுகிறானே என்று என்னிடம் கண்கலங்கினார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. "அந்த எண்ணெயக் கொட்டச் சொல்லு தம்பி" என்று இவர் என்னிடம் சொல்வார், பக்கத்திலேயே நிற்கும் மாஸ்டர், "அவன் வேலையப் பாத்துக்கினு போகச் சொல்லு தம்பி" என்று என்னிடமே சொல்வார். நடுவில் நிற்கிற எனக்குத்தான் போண்டா இறங்காது.

அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது ஓடிக்கொண்டிருந்தது. அப்பா போன வயதைத் தாண்ட இன்னும் சில மாதங்கள்தான். அதைப் பற்றி அவர் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார். பீடிதான் கூடியிருந்தது.

ஒரு நாள் பதினொரு மணி. வழக்கம்போல வாசலில் நின்று ஆரம்பித்தார். "நடு நெஞ்சுல அம்மிக்கல்லத் தூக்கி" என்றவர் அதோடு நிறுத்தினார். அவர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது தோளை வலது கையால் பிடித்துக்கொண்டு கேன்டீன் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி. வாய்வு. ஒரு சோடா சொல்லு."

நான் சோடா எடுக்கத் திரும்பிவிட்டேன், அவ்வளவு பிரசங்கம் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. சட்டிக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"டேய், நெஞ்சு அமுக்குதா?"

"லேசா."

"எடது கை இழுக்குதா? தாடை?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"குப்புனு வேத்துருக்குது. சோடாவாம் சோடா. தெனைக்கும் என் கடை வாசல்ல நின்னு நீதானடா சொல்லுவ, ஒடனே ஆஸ்பத்திரின்னு. தம்பி, ஜாபர் பாயக் கூப்புடு."

பாயின் லோடு ஆட்டோ வைக்கோலோடு கேட்டில் நின்றது. மாஸ்டர் அண்ணனை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி வைக்கோல்மேல் கிடத்தினார். தானும் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அடுப்பில் போண்டா கருகிக்கொண்டிருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பாதி வழியில் அண்ணன் கண்ணைத் திறந்து, மாதக்கணக்காகப் பேசாத சிநேகிதனிடம் பேசினார்.

"டேய், எங்கப்பா வயசுக்கு இன்னும் கொஞ்சம்தான்டா பாக்கி."

"தாண்டுவ. வாய மூடிக்கினு படு." மாஸ்டரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் அண்ணனின் நெற்றியில் விழுந்தது. எனக்கும் தாங்கவில்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் உடனே மாத்திரை கொடுத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே அடைப்பைக் கண்டுபிடித்து, குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் பேச்சே இல்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் அண்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டது. டாக்டர் படுக்கை அருகே வந்ததும், சூரியகாந்தியில் ஆரம்பித்து ஆலிவ் வரைக்கும் ஒப்பித்துவிட்டு, ஆதங்கத்தோடு கேட்டார்.

"இவ்ளோ பத்தியம் இருந்தும் எனக்கு ஏன் சார் வந்துச்சு?"

டாக்டர் பொறுமைசாலி. "எண்ணெயை அளவா, மாத்தி மாத்திச் சேர்த்துக்கிட்டா போதுங்க. வனஸ்பதி வேண்டாம், காய்ச்சின எண்ணெயைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். நெய் அளவோட இருக்கட்டும். நீங்க செஞ்சதுல பாதி நல்லதுதான். சரி, புகை பிடிப்பீங்களா?"

"பீடி சார்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஒரு கட்டு ரெண்டு கட்டு ஆவும் சார். ஆனா அதுல எண்ணெய் கெடையாதுங்களே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம், அப்பாவுக்கும் கூடப்பிறந்த அண்ணனுக்கும் இதயநோய் இருந்த குடும்பத்தில் பிறந்தவர் பீடியைத் தொடுவது எப்படிப்பட்ட காரியம் என்று, ஒளிக்காமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அண்ணன் வாய் பிளந்து கேட்டார். அவர் இன்னொருவர் பேசி முடிக்கும்வரை கேட்டதும் அதுதான் முதல் தடவை.

கமலா அண்ணி கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அத்தனை நாளும் அழாமல் இருந்தவர் அப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது.

"மூணு வருஷமா ஊருல இருக்கற வடையெல்லாம் புடிச்சி ஜெயில்ல போட்டாரு டாக்டர். திருடன் இவரு வாயிலயே ஒக்காந்துருந்துருக்கான்."

பீடி அன்றோடு நின்றது. நிறுத்தியது சாதாரண விஷயம் இல்லை. பாக்கெட்டில் கிராம்பு, வாயில் சீரகம், எரிச்சல் வந்தால் எங்கள் எல்லார்மேலும் விழுந்து பிடுங்குவார். நாங்கள் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டோம்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று கேன்டீனில் கறுப்பு எண்ணெய் இல்லை. மாஸ்டர் அதைக் கட்டை வண்டிக்காரர் ஒருவருக்கு அச்சுக்குப் போட என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். தினமும் கொஞ்சமாகப் புது எண்ணெய் ஊற்றி, தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார். வாரத்தில் பாதி நாள் சுண்டல்தான். ஏன் மாஸ்டர் என்று கேட்டேன். "எண்ணெ வெலை ஏறிப்போச்சு தம்பி, கட்டுப்படியாவல" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். அப்போது எண்ணெய் விலை ஒன்றும் ஏறவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம். அண்ணன் வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, என் அறைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னண்ணே, உடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி. எங்கப்பா வாழ்ந்த வயசு எனக்கு நேத்தோட முடிஞ்சிது. இன்னிக்கு நான் அவரவிடப் பெரியவன்."

நான் சந்தோஷத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"காலையில அவரு போட்டோவுக்குப் பூ வெக்கப் போனேன். இத்தன வருசமா அப்பாவாத்தான் தெரிஞ்சாரு. இன்னிக்குப் பாக்கறேன், சின்னப் பையனா நிக்கிறாரு தம்பி. இந்த வயசுல போயிட்டாரே, அவரு என்னத்தப் பாத்திருப்பாரு?"

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளையைப் போல அழுதார். நான் மேஜையைச் சுற்றி ஓடிப்போய் அந்த ஒல்லி உடம்பைக் கட்டிக்கொண்டேன், ரொம்ப நேரம் விடவில்லை.